பார்க்காத மலையின் பாடம்

31 ஆண்டுகள் வகுப்பில் நடத்திய ஒரு மலையை, ஓய்வு பெற்ற பிறகு தேடிப்போன ஆசிரியர் ஒருவரின் அனுபவம்.

எங்கள் கல்லூரி நிலவியல் துறையின் சிறிய அருங்காட்சியகத்தில், ஜன்னலோர அலமாரியின் இரண்டாவது தட்டில், ஓர் உப்புக் கல் இருக்கிறது. சின்னத் தேங்காய் அளவு. வெளிர் சிவப்பு நிறம். சுரங்கத்திலிருந்து வந்தபோது அதற்குக் கூர்மையான விளிம்புகள் இருந்திருக்க வேண்டும். இப்போது கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருக்கிறது. அதற்குக் காரணம் மாணவர்கள். ஹேலைட் என்ற கனிமத்தை அடையாளம் காண்பதற்கான சோதனைகளில் சுலபமானது, நாக்கில் வைத்துப் பார்ப்பது. ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பும் நேரத்தில் அந்தக் கல்லை எடுத்து ஒரு முறை நக்கிவிட்டு வைப்பது எங்கள் துறையில் எழுதப்படாத சடங்கு.

கல்லின் அடியில் மஞ்சளாகிப்போன ஒரு சீட்டு. அதில் மை மங்கிய எழுத்தில் 'பாறை உப்பு, கேவ்ரா, உப்பு மலைத்தொடர், பஞ்சாப்' என்று இருக்கும். எந்த நாடு என்று இருக்காது. அந்தச் சீட்டை எழுதியவருக்கு அதற்கான தேவை ஏற்பட்டிருக்கவில்லை. அவர் யார், எந்த ஆண்டு எழுதினார் என்பது பதிவேட்டில் இல்லை. 1947க்கு முன்பு என்று மட்டும் ஊகிக்கலாம்.

வட இந்தியாவின் பழைய கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் நிலவியல் கற்பித்தேன். ஒவ்வோர் ஆண்டும் மூன்றாம் ஆண்டு வகுப்பில் உப்பு மலைத்தொடரின் குறுக்குவெட்டுப் படத்தைப் பலகையில் வரைவேன். பார்க்காமல் வரைவேன். அடியில் உப்பும் சிவப்புக் களிமண்ணும். அதன்மேல் ஊதா மணற்கல். பிறகு மூவிலைப் பூச்சிகள் என்று நான் மொழிபெயர்த்துச் சொல்லும் டிரைலோபைட்டுகள் கிடைக்கும் படிவுகள். இன்னும் மேலே போனால் கடற்சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். உச்சியில், வெறும் ஐந்து கோடி ஆண்டு வயதுள்ள இன்னொரு சுண்ணாம்புக்கல். ஒரே மலைச் சரிவில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பூமியின் கணக்குப் புத்தகம். நடுவே சில பக்கங்கள் கிழிந்திருந்தாலும், தென்னிந்தியாவிலோ மத்திய இந்தியாவிலோ இப்படி ஒரு வரிசை கிடையாது. அதனால்தான் டி.என். வாடியா 1919இல் வெளியிட்ட பாடப்புத்தகம் தொடங்கி, இந்திய நிலவியலைப் படிக்கும் யாரும் இந்த மலையைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடிவதில்லை.

1998 குளிர்காலத்தில் ஒரு நாள் படத்தை வரைந்து முடித்துக் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். முன் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், நீங்கள் இந்த மலையைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. அது பாகிஸ்தானில் இருக்கிறது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கேள்வியில் குறும்பு எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஏதோ சின்னத் திருட்டில் பிடிபட்டவனைப் போல உணர்ந்தேன்.

உப்பு மலை என்றதும் என் மனதில் எழுந்த படமே வேறு. நான் தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவன். எனக்கு உப்பு மலை என்றால் உப்பளங்களில் பாத்திகளின் ஓரம் குவித்துவைத்திருக்கும் வெள்ளை அம்பாரம். வெயிலில் கண் கூசும். கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, வாரிக் குவிப்பது. பூமியும் இதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் அதன் பாத்தி பல நூறு கிலோமீட்டர் நீளம்.

இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள கடல் முழுவதும் வற்றினாலும் அடியில் தங்கும் உப்பு பதினைந்து மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். கேவ்ராவில் ஏழு உப்பு அடுக்குகள். எல்லாம் சேர்ந்து சுமார் 150 மீட்டர். அப்படியானால் பத்துக் கிலோமீட்டர் ஆழக் கடலா வற்றியது? இல்லை. ஒரு பக்கம் மட்டும் திறந்த, ஆழம் குறைந்த கடல். வெயிலில் நீர் வற்ற வற்றத் திறந்த பக்கத்திலிருந்து புதுக் கடல்நீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. உப்பளத்துத் தொழிலாளி மடையைத் திறந்து திறந்து பாத்தியை நிரப்புவதைப் போல. இது நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நிலத்தில் புல்லும் மரமும் தோன்றியிராத காலம்.

அப்போது இமயமலை கிடையாது. இந்தியா தெற்கே கோண்டுவானா என்ற பெருநிலத்தின் ஒரு பகுதி. அந்த நிலத்தின் விளிம்பில் வரிசையாக இப்படிப்பட்ட உப்புக் கடல்கள் இருந்தன. ஓமனில் பூமிக்கடியில் கிடக்கும் உப்பும், ஈரானில் பூமியைப் பிளந்து மேலே வந்து பனியாறு போல மலைச்சரிவில் வழியும் உப்பும் ஏறத்தாழ அதே காலத்தவை. ராஜஸ்தானில் பிகானேர், ஹனுமான்கட் பகுதிகளில் பாலை மணலுக்குக் கீழே சில நூறு மீட்டர் ஆழத்தில் அந்தக் குடும்பத்து உப்பு இன்னும் படுத்திருக்கிறது. அங்கே அதை மேலே தூக்கிவிட யாரும் இல்லை. பஞ்சாபில் இமயமலை இருந்தது.

எங்கள் மாணவர்களுக்குக் காட்ட எங்களிடம் இருந்த உப்பு மலை மண்டிதான். இமாசலப் பிரதேசத்தில், மண்டியிலிருந்து பதான்கோட் போகும் சாலையில் டிராங், கும்மா என்று இரண்டு ஊர்கள். பிரிவினைக்குப் பிறகு பாறை உப்பு வெட்டியெடுக்க இந்தியாவிடம் மிஞ்சிய இடம் இதுதான். முன்பு மண்டி ராஜாக்களின் கஜானாவை நிரப்பியதில் இந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் ஹிந்துஸ்தான் சால்ட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்திடம் வந்தது.

ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி: "எங்கே சார் உப்பு?" அவர்கள் அதன் மேல்தான் நின்றுகொண்டிருப்பார்கள். மண்டி உப்பு வெள்ளையும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. களிமண் கலந்து, கருப்பட்டிக்கும் கத்தரிப்பூவுக்கும் இடைப்பட்ட நிறத்தில் இருக்கும். பளபளப்பு கிடையாது. உடைத்து நாக்கில் வைத்தால்தான் நம்புவார்கள். பாறைக்குள் அறைகள் வெட்டி, தண்ணீரை விட்டு, உப்பு கரைந்த நீரை வெளியே எடுப்பதும் அங்கே உண்டு. மனிதர்களைவிட மாடுகளுக்கும் மலை மேய்ப்பர்களின் ஆடுகளுக்கும் பிடித்த உப்பு.

டிராங் எனக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. உப்பு மலை தன்னை உப்பு மலை என்று காட்டிக்கொள்வதில்லை. மழை பெய்யும் நாட்டில் உப்பு வெளியே தலைகாட்டினால் கரைந்துபோகும். களிமண்ணையும் ஜிப்சத்தையும் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் அது உயிரோடு இருக்க முடியும். கேவ்ராவும் அப்படித்தான் இருக்கும் என்று வகுப்பில் சொல்வேன். இருக்கும் என்றுதான் சொல்ல முடிந்தது. இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

கேவ்ராவைப் பற்றி நான் வகுப்பில் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. பீர்பல் சாஹ்னியின் கதை. இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை. 1891இல் ஜீலம் நதிக்கரையிலுள்ள பேரா என்ற ஊரில் பிறந்தவர். உப்பு மலைத்தொடர் அங்கிருந்து தொலைவில் இல்லை. அந்த உப்பின் வயது என்ன என்ற சர்ச்சை 1940களில் உச்சத்தில் இருந்தது. உப்புக்கு மேலே இருக்கும் பாறைகள் கேம்பிரியன் காலத்தவை, எனவே உப்பு அதைவிடப் பழையது என்பது மலையை வருடக்கணக்கில் நடந்து அளந்த ஈ.ஆர். ஜீ போன்றவர்களின் கட்சி. சாஹ்னி உப்பைத் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கிய தூசியை நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் மரத் துணுக்குகள் இருந்தன. பூச்சிகளின் துண்டுகள் இருந்தன. மரமே தோன்றியிராத காலத்து உப்பில் மரத்துணுக்கு எப்படி வரும்? எனவே உப்பு இளையது, ஐந்து கோடி ஆண்டு அளவில்தான் இருக்கும், பழைய பாறைகள் பின்னால் அதன்மேல் தள்ளிவிடப்பட்டன என்றார். 1944இலும் 1945இலும் இதற்கென்றே கருத்தரங்குகள் நடந்தன.

சாஹ்னி தோற்றார். உப்பு பழையதுதான். அது கரையும், மறுபடி உறையும். வழியில் தண்ணீர் கொண்டுவருவதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்தத் துணுக்குகள் பின்னால் வந்து புகுந்தவை என்றுதான் இன்று கருதப்படுகிறது. இந்தக் கதையை நான் ஒரு நீதிக்கதையாகச் சொல்வேன். "மலைக்குப் போகாமல் கண்ணாடிக் குடுவையை நம்பினால் இப்படித்தான் ஆகும்" என்று முடிப்பேன். வகுப்பு சிரிக்கும். சாஹ்னி மலையையும் பார்த்தவர், சாம்பிள்களுக்காக அலைந்தவர் என்பதைச் சொல்ல மாட்டேன். மலைக்கே போகாதவன் நான்தான் என்பதையும் சொல்ல மாட்டேன்.

அந்த ஆண்டுத் தேர்வில் உப்பு மலைத்தொடரின் குறுக்குவெட்டை வரையச் சொல்லியிருந்தேன். கேள்வி கேட்ட பெண், அடியில் இருக்கும் உப்பு அடுக்கை நேர்கோடாக வரையவில்லை. ஓரிடத்தில் பருத்து, ஓரிடத்தில் இளைத்து, பிசைந்த மாவு மாதிரி வளைத்து நெளித்திருந்தாள். இரண்டு மதிப்பெண் குறைத்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் சொன்னாள்: "உப்பு அழுத்தத்தில் ஓடும் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள்?" புத்தகத்தில் அப்படி இல்லை என்றேன்.

2016இல் ஓய்வு பெற்றேன். 2018 டிசம்பரில் கட்டாஸ் ராஜ் யாத்திரைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது என் மனைவி. பாகிஸ்தான் பஞ்சாபில் சக்வால் மாவட்டத்தில் இருக்கும் பழைய சிவத்தலம். 1974இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இந்தியாவிலிருந்து யாத்திரைக் குழுக்கள் போய்வர முடிந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் எழுந்துபோய் வரைபடத்தை எடுத்து விரித்தேன். கட்டாஸ் உப்பு மலைத்தொடரின் மேலேயே இருக்கிறது. அங்கிருந்து கேவ்ரா முப்பது கிலோமீட்டருக்குள்.

"உங்களுக்குப் பாறை, எனக்குப் பரமசிவன். ஒரே பஸ்தானே, வாங்க" என்றாள்.

அவளுக்கும் கேவ்ராவோடு ஒரு தொடர்பு உண்டு, சமையலறை வழியாக. எங்கள் காலனியில் நவராத்திரி விரதத்துக்குக் கடல் உப்பு சேர்க்க மாட்டார்கள். சேந்தா நமக்தான். அக்கம்பக்கம் பார்த்து அவளும் ஒரு டப்பா வாங்கிவைத்தாள். "இது நம்ம இந்துப்புதானே? எங்க பாட்டி மருந்துக்கு வெச்சிருப்பாங்க" என்றாள். இந்துப்பு, சைந்தவம், சேந்தா எல்லாம் ஒன்றுதான். சிந்து நதி நாட்டிலிருந்து வந்த உப்பு. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு தமிழ்ப் பாட்டியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் சிந்து நதியின் பெயர் இருந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் சைந்தவம் என்றால் உப்பு, குதிரை இரண்டும். இரண்டும் அந்த நாட்டின் சரக்கு. 'சைந்தவம் கொண்டுவா' என்று எஜமானன் சொன்னால், சாப்பிடும்போது உப்பையும் புறப்படும்போது குதிரையையும் கொண்டுவர வேண்டும் என்பது தர்க்க சாஸ்திரக்காரர்களின் பழைய உதாரணம்.

வாகாவைக் கால்நடையாகக் கடந்தோம். லாகூரில் தங்கிவிட்டு மறுநாள் காலை பஸ்கள் வரிசையாகப் புறப்பட்டன. முன்னும் பின்னும் போலீஸ் வண்டிகள். இஸ்லாமாபாத் போகும் நெடுஞ்சாலையில் கரும்பும் கிச்சிலித் தோட்டங்களும் கடந்தன. ஒரு நிறுத்தத்தில் தேநீர் குடிக்க இறக்கிவிட்டார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்தேன். பேரா. சாஹ்னி பிறந்த ஊர். சுற்றியிருந்தவர்கள் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வடக்கே பார்த்தபடி நின்றேன். பனிமூட்டம். எதுவும் தெரியவில்லை.

ஜீலம் ஆற்றைத் தாண்டிய பிறகுதான் அது தெரிந்தது. சமவெளியின் முடிவில் குறுக்கே ஒரு சுவர். அடிவாரக் குன்றுகள் கிடையாது. மெல்ல உயரும் மேடும் கிடையாது. தட்டையான வயல்வெளி, உடனே மலை. ஏன் இப்படி என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எண்ணெய் தடவாத தாம்பாளத்தில் அல்வாவை ஊற்றி, ஆறியபின் ஒரு பக்கமிருந்து தள்ளினால் அது தள்ளிய இடத்திலேயே சுருங்கி மடியும். எண்ணெய் தடவியிருந்தால் முழுசாக நழுவி மறு விளிம்புக்கு வரும். இந்தியா இமயமலைக்குள் முட்டும்போது இங்கே அடியில் உப்பு இருந்தது. அதுதான் எண்ணெய். வடக்கே இருக்கும் போட்வார் பீடபூமி முழுவதும் அந்த உப்பின்மேல் வழுக்கித் தெற்கே வந்தது. அதன் முன் விளிம்பு சுமார் இருபது கிலோமீட்டர் நகர்ந்து, இளைய மண்ணின்மேல் ஏறி நிற்கும் இடம்தான் உப்பு மலைத்தொடர்.

பஸ் ஏற ஆரம்பித்தது. வளைவுகள், செங்குத்தான ஏற்றம். ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டேன். முதலில் சிவப்புக் களிமண். செங்கல் சிவப்பு இல்லை, காய்ந்த ரத்தம் போன்ற சிவப்பு. புல் முளைக்காத சரிவு. மழைநீர் அறுத்த ஆழமான ஓடைகள், அவற்றின் அடியில் காய்ந்த பால் மாதிரி வெள்ளைப் படலம். அது உப்பு. அங்கங்கே ஜிப்சத்தின் சாம்பல் நிறக் கட்டிகள். மேலே ஊதா மணற்கல் சுவர்போல எழுந்தது. அதைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது.

ஆனால் என் கண்ணை நிறுத்தியது அடிச்சரிவு. என் படத்தில் அங்கே இரண்டு நேர்கோடுகள் இருக்கும், நடுவே 'உப்பு, களிமண்' என்ற எழுத்துகள். இங்கே ஒரு நேர்கோடும் இல்லை. சிவப்புக் களிமண் சுருண்டு, மடிந்து, தனக்குள்ளேயே முறுக்கிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஒரு பனை உயரம் இருந்த அடுக்கு பத்தடி தள்ளிக் கைமுழ அகலமாக இளைத்திருந்தது. எது மேல், எது கீழ், எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத குழப்பம். அந்தப் பெண் விடைத்தாளில் வரைந்தது அப்படியே சரிவில் இருந்தது. சாஹ்னியும் இதைத்தான் பார்த்திருப்பார். இப்படிக் கலங்கிக் கிடக்கும் ஓரிடத்தில், பழையது இளையதன்மேல் ஏறிவிட்டது என்று ஒருவர் சந்தேகித்தால் அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் சொன்னது போல ஒரு பெரிய தள்ளல் நடந்ததும் உண்மை. அது உப்புக்கு மேலே இல்லை, உப்புக்கு அடியில் நடந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். என் வகுப்புகளின் சிரிப்பெல்லாம் காதில் கேட்டது.

கட்டாஸில் மனைவி குளக்கரையில் விளக்கேற்றினாள். சதியை இழந்த சிவன் அழுத கண்ணீரில் ஒரு துளி இந்தக் குளம், இன்னொன்று புஷ்கர் என்பது ஐதீகம். "கண்ணீர் உப்புக் கரிக்கும். மலைக்கு அடியில உப்பு இருந்தா அதுல என்ன ஆச்சரியம்?" என்றாள். 31 வருடத்தில் எந்த மாணவரும் முன்வைக்காத கோட்பாடு. நீரைத் தொட்டு உதட்டில் வைத்தேன். உப்பில்லை. உச்சியிலிருக்கும் சுண்ணாம்புப் பாறையின் ஊற்று அது. கீழே உப்பு வரைக்கும் அந்த நீர் போய்வரவில்லை. கரைப்பாறையில் காசு போன்ற சிறு புதைபடிவங்கள் தென்பட்டன. ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கிருந்த இன்னொரு கடலின் உயிர்கள். அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள் வந்தன. அவை உறிஞ்சிய நிலத்தடி நீரால் குளம் வற்றியது. 2017இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நாங்கள் போனபோது குளத்தில் நீர் இருந்தது.

எங்கள் காவலுக்கு வந்திருந்தவர்களில் நடுவயதுப் போலீஸ்காரர் ஒருவரிடம், கேவ்ராவுக்கு ஒரு மணி நேரம் போய்வர முடியுமா என்று கேட்டேன். விசாவில் எழுதிய ஊரைத் தாண்ட முடியாது என்றார். "எங்கள் கையில் இல்லை, சாஹிப்." பிறகு, அவர் பிறந்ததே கேவ்ராவில்தான் என்றார். தாய்மாமன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கைபேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார். உள்ளே போகும் குட்டி ரயில். உப்புச் செங்கல்லால் கட்டிய சிறிய மசூதி, பின்னால் விளக்கெரிய, மாதுளை முத்து மாதிரி ஒளிரும் சுவர்கள். அசைவில்லாத உப்புநீர்க் குளத்தில் கூரை தலைகீழாகத் தெரிந்தது. கோடையிலும் குளிரிலும் உள்ளே ஒரே குளிர்ச்சி என்றார். அலெக்சாந்தரின் குதிரைகள் நின்று கல்லை நக்கியதால்தான் இந்த உப்பு உலகத்துக்குத் தெரியவந்தது என்ற கதையையும் சொன்னார். சைந்தவம் சைந்தவத்தைக் கண்டுபிடித்த கதை.

ஒரு படத்தில் பெரிய தூண்கள் தெரிந்தன. பாதியை வெட்டி, பாதியைத் தூணாக விட்டுவைப்பதுதான் அங்கே முறை, இல்லாவிட்டால் கூரை இறங்கிவிடும் என்றேன். பிரதான சுரங்கப்பாதை 1872இல் வார்த் என்ற பொறியாளர் அமைத்தது, ஏழு அடுக்குகள் உண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கைபேசியைத் தாழ்த்தினார்.

"நீங்கள் எந்த வருடம் வந்தீர்கள்?"

"வந்ததே இல்லை."

"பிறகு எப்படி?"

"31 வருடம் பாடம் நடத்தினேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் அங்கேயே பிறந்தவன். ஏன் தூண்களை விடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை" என்றார்.

புறப்படும் நாள் காலையில் உருதுச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தார். உள்ளே உப்புக் கல். கைக்கு அடக்கமான அளவு. ஒரு பக்கம் கண்ணாடி போலத் தெளிவாகவும், மறுபக்கம் இளஞ்சிவப்பாகவும் இருந்தது. விளிம்புகள் கூர்மையாக, கையை உறுத்தின.

அட்டாரியில் நம் சுங்க அதிகாரி பொட்டலத்தைப் பிரித்தார். "இது என்ன, கல்லா, உப்பா?"

"இரண்டும்தான்" என்றேன். என் வேலையைக் கேட்டார், சொன்னேன். திருப்பிச் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அது நல்ல காலமாகப் போயிற்று. இரண்டே மாதத்தில், 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதல் நடந்தது. பாகிஸ்தான் சரக்குகளுக்கு இந்தியா 200 சதவீத வரி விதித்தது. அதுவரை நம் கடைகளில் விற்ற சேந்தா நமக்கில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு அட்டாரி சோதனைச்சாவடி மூடப்பட்டது. மே மாதம் அந்த நாட்டிலிருந்து எந்தப் பொருளும் வர முடியாது என்று தடை வந்தது. கொல்லப்பட்டவர்களின் படங்களைப் பார்த்த நாட்களில் உப்பைப் பற்றி யோசிக்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் போலீஸ்காரரின் முகம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கல் எங்கள் வீட்டில் ஏழு மழைக்காலம் இருந்தது. ஜூலை வந்தால் வியர்க்கும். தட்டில் சிறிது நீர் தேங்கும். குளிர்காலத்தில் அந்த நீர் வற்றி ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். 55 கோடி ஆண்டு தாங்கிய உப்பு என் வரவேற்பறையில் வருடத்துக்கு ஒரு சுற்று இளைத்தது. இனி வைத்திருக்கக் கூடாது என்று, 2025 குளிர்காலத்தில் அதைக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன்.

அன்று முன் வரிசையில் எழுந்து நின்ற பெண் இப்போது அதே துறையில் ஆசிரியை. அதே பலகை. என்னைப் பார்த்ததும், "சார், கடைசியில் பார்த்துவிட்டீர்களா?" என்றாள்.

"மேலே நின்றேன். உள்ளே போகவில்லை" என்றேன். பிறகு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தேன். அடி அடுக்கை நேராகப் போடவில்லை. வளைத்து, நெளித்து, ஓரிடத்தில் பருத்து, ஓரிடத்தில் இளைத்து. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த இரண்டு மார்க் சார்?"

"வட்டியோடு தருகிறேன்" என்று பொட்டலத்தைக் கொடுத்தேன்.

பிரித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வராந்தாவில் யாரும் வருகிறார்களா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, ஓரத்தை நாக்கில் வைத்தாள். சிரித்தபடி என்னிடம் நீட்டினாள். 31 வருடம் மாணவர்களை அதட்டியவன் நான். வாங்கி நானும் வைத்துப் பார்த்தேன்.

பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதியதை வைத்தோம், ஈரம் புகாமல் கண்ணாடி மூடி போட்டு. சீட்டு எழுத வேண்டும். பாறை உப்பு, கேவ்ரா, உப்பு மலைத்தொடர், பஞ்சாப் என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"பாகிஸ்தான் என்று எழுது. அதுதான் உண்மை" என்றேன். எழுதினாள். பழைய சீட்டை மாற்றலாமா என்று கேட்டாள். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.